கையில் பிறக்கும் நாதம்

பள்ளி ஆண்டு விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் நாட்டின் பல இடங்களிலும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நாற்பது பேர் வரிசையாக நின்று இறைவணக்கப் பாடலைப் பழகுகிறார்கள். அவர்களுள் ஒரு சிறுமியின் குரல் மட்டும் சுருதியோடு சேராமல் தனித்து ஒலிக்கிறது. ஆசிரியை அவளருகே வந்து, அன்பு குன்றாமலே, "நீ பாட வேண்டாம் அம்மா, உதட்டை மட்டும் அசைத்தால் போதும்" என்கிறார். விழா நாளில் பாட்டு நன்றாக அமைகிறது. பெற்றோர் கைதட்டுகிறார்கள். சிறுமியும் புன்னகையோடு நிற்கிறாள். யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் அறநோக்கோடு சிந்திப்பவர் இக்காட்சியை எளிதில் கடந்து போக இயலாது. இறைவனை வணங்கும் பாட்டில், வணங்குவது போல நடிக்குமாறு ஒரு குழந்தைக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தன் குரல் பிறர்க்கு இடையூறு என்ற எண்ணமும் அவள் உள்ளத்தில் விதைக்கப்பட்டிருக்கிறது. "எனக்குப் பாட வராது" என்று வாழ்நாள் முழுவதும் கூறி வரும் பெரியவர்களைக் கேட்டுப் பார்த்தால், அவர்களுள் பலருடைய நினைவில் இத்தகைய ஒரு நாள் இருப்பதை அறியலாம்.

பாட்டின் அழகைக் காப்பதற்காக ஒரு குழந்தையை மௌனமாக்குவது சரியா? இசை செவியால் நுகர்வதற்கு மட்டும் உரியதா, அல்லது ஒவ்வொருவரும் தம் குரலாலும் கையாலும் செய்து பார்க்க வேண்டிய ஒன்றா? தொடக்கப் பள்ளியில் இசை எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது பாடத்திட்டம் வகுப்போரின் பிரச்சினை போலத் தோன்றும். அதன் அடியில் இருப்பது மனிதனைப் பற்றிய ஒரு கேள்வி.

பழைய ஆராய்ச்சி ஒன்று

கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தமது 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியில் இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறார். குழந்தைகள் தாமே பாடியும் வாசித்தும் இசையைக் கற்க வேண்டுமா, அல்லது பிறர் வாசிக்கக் கேட்டு மகிழ்ந்தால் போதாதா என்று அவர் வினவுகிறார். ஸ்பார்ட்டா நாட்டினர் இசையைப் பயிலாமலேயே நல்ல இசையையும் தாழ்ந்த இசையையும் பிரித்தறிய வல்லவர்கள் எனக் கூறிக்கொண்டதையும் அவர் குறிப்பிடுகிறார்.

எனினும் அவருடைய முடிவு வேறு. ஒரு செயலில் தாமே ஈடுபடாதவர்கள் அச்செயலை நன்கு மதிப்பிடுவோராக ஆவது மிகக் கடினம் என்கிறார். ஆகவே இளமையில் கைப்படப் பயில வேண்டும். வளர்ந்தபின் வாசிப்பதை விட்டுவிடினும், அப்பயிற்சி தந்த ரசனையும் விவேகமும் உடன் வரும். ஆர்க்கிட்டாஸ் என்ற கணித அறிஞர் அமைத்த கிலுகிலுப்பையையும் அங்கே அவர் புகழ்கிறார். சும்மா இருக்கமாட்டாத கைகள் வீட்டுப் பொருள்களை உடைக்காமல் ஓசை எழுப்பி மகிழ அது உதவுகிறதாம். வளரும் குழந்தைகளுக்குக் கல்வியே கிலுகிலுப்பை என்பது அவர் கருத்து.

ஓர் எச்சரிக்கையும் அவரிடம் உண்டு. போட்டிக்கும் வியப்பூட்டும் வித்தைக்கும் உரிய கடும்பயிற்சியைக் குழந்தைகள் மீது ஏற்றக்கூடாது என்கிறார். இசை அங்கே பயில்பவரின் நலத்தை விட்டுக் கேட்போரின் களிப்புக்காகச் செய்யப்படுவதாகி விடுகிறது. மேடைக்காக உதட்டசைவு கற்பித்த ஆசிரியையின் செயலை இக்கூற்றின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், பிழை எங்கே தொடங்கியது என்பது விளங்கும். பாட்டு அந்தச் சிறுமிக்காக இருக்கவில்லை. சிறுமி பாட்டுக்காக நிறுத்தப்பட்டாள்.

இழிவுபடுத்தப்பட்ட கைகள்

அதே அரிஸ்டாட்டில் தம் காலத்து மனச்சாய்வுக்கும் ஆளாகிறார். தொழிலாக வாசிப்போரை அவர் தாழ்வாகவே கருதினார். உயர்ந்தோர் கேட்பர், தாழ்ந்தோர் வாசிப்பர் என்ற எண்ணம் அவரைச் சூழ்ந்திருந்த சமுதாயத்தில் வேரூன்றியிருந்தது.

இந்த நோய் நம் நாட்டிலும் வேறு வடிவில் இருந்தது. இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. மிருதங்கத்தின் நாதத்தில் கண்மூடித் திளைத்தவர்கள், அதற்கு வேண்டிய பசு, எருமை, ஆட்டுத் தோல்களைப் பதப்படுத்தி வார் பிடித்த கைகளைத் தீண்டத் தயங்கினார்கள். பறையும் டோலும் முழக்கியவர்கள் திருவிழாவுக்கு வேண்டியவர்களாகவும் தெருவுக்கு வேண்டாதவர்களாகவும் இருந்தார்கள். பெண் குழந்தை வீணை பயிலலாம், மத்தளம் தொடலாகாது என்ற கட்டும் பல வீடுகளில் இருந்தது.

இச்சூழலிலும் விலக்கானவர்கள் இருந்தார்கள். பின்னாளில் சுவாமி விவேகானந்தராக உலகம் அறிந்த நரேந்திரநாதர், கல்கத்தாவின் வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இளமையில் பாட்டோடு பக்காவஜும் தபலாவும் கைப்படப் பயின்றார்; 1887-ஆம் ஆண்டு வெளியான 'சங்கீத கல்பதரு' என்ற நூலைத் தொகுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

எல்லாக் கைகளிலும் இயங்குவது ஒரே சைதன்யம் என்பது வேதாந்தத்தின் துணிபு. அதனை ஏற்பவர் ஒரு கையை உயர்ந்தது என்றும் மற்றொரு கையை இழிந்தது என்றும் கொள்ள இடமில்லை. இவ்வுண்மையைச் சொற்பொழிவாகக் கேட்பதைவிட, ஏழு வயதில் பக்கத்து இருக்கைத் தோழனோடு ஒரே தோல்கருவியை மாறி மாறித் தட்டிப் பார்க்கும் குழந்தை ஆழமாக அறியும். அந்தத் தோலைக் கட்டிய மனிதரை வகுப்புக்கு அழைத்து, அவர் வாயால் அவருடைய தொழிலைக் கேட்கச் செய்வாராயின், ஆசிரியர் அன்று நடத்தியது இசைப் பாடம் மட்டுமன்று. சமத்துவப் பாடமும் கூட.

பயன் கருதும் வாதம்

இசைக் கல்விக்கு ஆதரவாக இக்காலத்தில் அடிக்கடி கூறப்படும் காரணம் வேறு. இசை பயின்றால் கணக்கு நன்றாக வரும், அறிவுக்கூர்மை பெருகும் என்கிறார்கள். இதன் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1993-இல் அமெரிக்காவில் மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள், இடஞ்சார்ந்த புதிர்களைச் சற்று நன்றாக விடுவித்தார்கள் என்று ஓர் ஆய்வு கூறியது. அவ்விளைவு கால் மணி நேரமளவே நீடித்தது. அதில் குழந்தைகள் எவரும் பங்கு பெறவும் இல்லை. ஆயினும் 'மோட்சார்ட் விளைவு' என்ற பெயரோடு அச்செய்தி உலகெங்கும் பரவியது. ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998-இல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்கவே முன்மொழிந்தார். பின்னர் அந்த ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் பலருக்கு அந்த விளைவு கிட்டவில்லை.

கருவி வாசிக்கக் கற்கும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து 2004-இல் கனடாவில் நடந்த ஆய்வு, ஓராண்டு இசைப் பயிற்சி பெற்றவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் சிறிதளவே கூடுதலாக உயர்ந்ததாகக் கண்டது. பின்னாளில் பல ஆய்வுகளை ஒருங்கு வைத்துச் சீர்தூக்கியவர்கள், நன்கு வடிவமைக்கப்பட்ட சோதனைகளில் அப்பயனும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றார்கள்.

இதனால் இசைக் கல்வி வீண் என்று ஆகிவிடுமா? அவ்வாறு கருதுவோர், கணக்கின் பணிப்பெண்ணாகவே இசையை வகுப்பறைக்குள் அழைத்தவர்கள். பணி முடியவில்லையென்றால் வெளியே போகச் சொல்வதும் அவர்களுக்கு இயல்பே. எதனையும் பிறிதொன்றின் பொருட்டு மட்டுமே மதிக்கும் பழக்கம் மெல்ல மெல்லக் குழந்தையையும் பற்றிக்கொள்கிறது. மதிப்பெண்ணுக்காகப் படிப்பு, சான்றிதழுக்காகப் பாட்டு, புகழுக்காகத் தொண்டு என்று வாழ்க்கை நீள்கிறது. பலனில் பற்றில்லாத செயலைப் பற்றிக் கீதை கூறுவதை முதிர்ந்த வயதில் படித்து வியப்பவர்கள் பலர். தாளத்தில் தன்னை மறந்து கைதட்டும் குழந்தைக்கு அது புதிய செய்தியன்று. அதனிடம் இயல்பாக உள்ள அந்த நிலையைக் கெடுக்காமல் வளர்ப்பதே கல்வி.

செய்து அறிதல்

கேட்டறிவதற்கும் செய்தறிவதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எளிய சோதனையால் விளக்கலாம். ஒரே அளவான கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றிக் குச்சியால் தட்டினால் ஜலதரங்கம் போல ஒலிக்கும். நீர் மிகுந்த குவளையின் ஸ்வரம் தாழ்ந்தும், நீர் குறைந்ததன் ஸ்வரம் உயர்ந்தும் இருக்கும். அடுத்து, குறுகிய வாயுள்ள புட்டிகளில் நீர் ஊற்றி, விளிம்பில் உதடு வைத்து ஊதினால் நேர்மாறாகிறது. நீர் மிகுந்த புட்டி உயர்ந்த ஸ்வரம் தருகிறது.

குழந்தைகள் திகைத்து நிற்பார்கள். தட்டும்போது அதிர்வது குவளையின் சுவர். நீரின் பாரம் ஏற ஏற அதிர்வு மெதுவாகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று; நீர் ஏற ஏறக் காற்றின் நீளம் குறைந்து அதிர்வு விரைவாகிறது. இதனைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். தன் கையால் தட்டி, தன் மூச்சால் ஊதி, தன் ஊகம் பொய்த்ததைக் கண்ட குழந்தைக்கு அது பிரத்யட்சம். கேள்விப்பட்ட அறிவைப் பரோட்சம் என்றும், நேரில் உணர்ந்த அறிவை அபரோட்சம் என்றும் நம் முன்னோர் பிரித்தது ஆன்மிகத்தின் உச்சிக்கு மட்டும் பொருந்துவதன்று. நீர்க்குவளையின் முன் அமர்ந்த சிறுவனுக்கும் அது பொருந்தும்.

நம் இசை மரபிலும் முதற்கருவி கையே. ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்னர் தட்டும் வீச்சும் இருமுறை என எட்டு அட்சரங்களும் உள்ளங்கையில் அடங்கிவிடுகின்றன. சாமவேதம் ஓதுவோரும் விரல்களால் ஸ்வரங்களைக் குறிக்கின்றனர். இந்துஸ்தானி இசையின் தீன்தாளில் பதினாறு மாத்திரைகள். அவற்றுள் ஒன்பதாவது மாத்திரைக்குத் தட்டு இல்லை. கை வெறுமனே விரிகிறது. அதற்குக் 'காலி' என்று பெயர். ஓசை எழாத இடத்தையும் எண்ண வேண்டும், அங்கும் கவனம் பிசகலாகாது என்பதைக் குழந்தையின் கை கற்றுக்கொள்கிறது. நாற்பது குழந்தைகள் ஒன்றாகத் தாளமிடுகையில் எவரும் மற்றவரை முந்த முடியாது; முந்தினால் தாளம் போய்விடும். பிறரைச் செவிமடுத்துத் தன் செயலை அவர்களோடு பொருத்திக்கொள்ளும் இந்தப் பயிற்சியை, ஒழுக்க போதனை எதுவும் இவ்வளவு மகிழ்ச்சியாகத் தருவதில்லை.

1901-இன் இரு தொடக்கங்கள்

நம் நாட்டில் இசைக் கல்வியைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்த இரு முயற்சிகள் ஒரே ஆண்டில் தொடங்கின. சிறுவயதில் பட்டாசு விபத்தால் கண்பார்வை பெரிதும் குன்றிய பண்டித விஷ்ணு திகம்பர் பலூஸ்கர், 1901 மே மாதத்தில் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தை நிறுவினார். அரசர்களின் ஆதரவை எதிர்பாராமல், பொதுமக்களின் உதவியால் நடந்த பள்ளி அது. இசை அரண்மனைக்கும் சில குடும்பங்களுக்கும் மட்டும் உரியதாக இருத்தல் ஆகாது என்பதே அவருடைய உறுதி. அதே ஆண்டு டிசம்பரில் ரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்தில் சில சிறுவர்களோடு தம் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பாட்டு கால அட்டவணையின் ஒரு கட்டத்தில் அடைபட்டிருக்கவில்லை. வைகறையில் பாடிக்கொண்டே நடப்பதும், மழைக்காலத்தையும் வசந்தத்தையும் பாட்டால் வரவேற்பதும் அன்றாட வாழ்வாக இருந்தன.

காந்தியடிகளின் அனுபவம் இவற்றுக்கு உரை எழுதியது போல அமைந்தது. இங்கிலாந்தில் மாணவராக இருந்தபோது, ஆங்கிலக் கனவானாக விளங்கும் ஆசையில் மூன்று பவுன் கொடுத்து வயலின் வாங்கிப் பாடம் கேட்கத் தொடங்கியதைத் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். சில மாதங்களில் மயக்கம் தெளிந்து, கிடைத்த விலைக்கு அதை விற்றுத் தருமாறு ஆசிரியையிடமே ஒப்படைத்தார். அலங்காரத்துக்காக வந்த இசை அவ்வாறே போய்விட்டது. அதே காந்தியடிகள் பின்னாளில் சபர்மதி ஆசிரமத்தில், பலூஸ்கரின் சீடரான பண்டித நாராயண மோரேஷ்வர் கரேயின் துணையோடு, சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் சேர்ந்து பாடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 1937-இல் புதிய கல்வித் திட்டத்தைப் பற்றி எழுதும்போது, கைக்குப் பயிற்சி தேவைப்படுவது போலவே குரலுக்கும் பயிற்சி தேவை என்று வலியுறுத்தினார். நூற்பும் நெசவும் பேசப்பட்ட அளவுக்கு ஆதாரக் கல்வியின் இந்தப் பக்கம் பேசப்படவில்லை.

இருப்பதைக் கொண்டு

இன்றைய நிலையை நேர்மையாக நோக்க வேண்டும். 2005-இன் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பும், 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் கலைகளுக்கு உரிய இடம் தர வேண்டும் என்றே கூறுகின்றன. ஆனால் 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கே பகுதிநேரக் கலை ஆசிரியரைக் குறிப்பிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு அதில் இல்லை. விரல்கள் வளைந்து கொடுக்கும் வயதில், செவி கூர்மை கொள்ளும் வயதில், வகுப்பாசிரியர் ஒருவரையே குழந்தை நம்பியிருக்கிறது. அந்த ஆசிரியரும் பெரும்பாலும் "எனக்குப் பாட வராது" என்று சொல்லக்கூடியவரே. உதட்டை மட்டும் அசைத்த சிறுமி வளர்ந்து ஆசிரியையாகித் திரும்பி வந்திருக்கிறாள்.

அவருக்குப் பெருஞ்செலவுள்ள கருவிகள் தேவையில்லை. இரண்டு கொட்டாங்குச்சிகள், விதை நிரப்பிய சுரைக்குடுக்கை, மண்பானை, மூங்கில் துண்டு ஆகியவை எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். முதலில் நடையோடு கைதட்டல். அடுத்து வகுப்பில் பாதிப்பேர் தட்ட மறுபாதி காத்திருத்தல். பின்னர் தகிட, தகதிமி என்று வாயால் சொல்லிக் கையால் வாசித்தல். ராஜஸ்தானத்துப் பாலைநில மாங்கணியார் சமூகத்தில் சிறுவர்கள் பெரியவர்களின் அருகே அமர்ந்து கட்தால் பிடிக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பண்டரிபுரத்துக்குச் செல்லும் வார்க்கரிக் கூட்டத்தில் கையில் தாளத்தோடு நடக்கும் குழந்தைகளைப் பார்க்கலாம். அங்கே தனியே ஒரு சபை இல்லை. நடப்பவர் எல்லோரும் பாடுபவர்களே. ஆகவே 'உன் குரல் சேரவில்லை' என்று யாரையும் விலக்க வேண்டிய அவசியமும் எழுவதில்லை.

மரபின் கவலை

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபத்துக்கு விடை கூற வேண்டும். இசை ஒரு சாதனை. குருவின் முன் பல்லாண்டு அமர்ந்து பெறுவது. சுருதி தவறிய ஓசையைப் பாட்டு என்று பாராட்டினால் குழந்தையின் செவி கெடாதா? தவறாகப் பழகிய விரலைத் திருத்துவது எளிதா? நாதத்தை பிரம்மமாக வழிபட்ட மரபுக்கு இது அவமதிப்பு ஆகாதா?

இக்கவலை உண்மையானது. இதனைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது முறையன்று. தவறைச் சரி என்று கூறுவது குழந்தைக்குச் செய்யும் அன்பன்று. அதுவும் ஒரு வகைப் பொய்யே. ஆனால் தவற்றைத் திருத்துவதும் தவறியவரை விலக்குவதும் வெவ்வேறு செயல்கள். தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி ஒலி, ஸ்வரம், மாத்திரை, அழுத்தம் முதலியவற்றைக் கல்வியின் வாயிலில் வைக்கிறது. அவை கற்பிக்கப்பட வேண்டியவை என்பதே அதன் பொருள். கற்காமல் எவருக்கும் வருவன அல்ல. பிறவியிலேயே ஸ்வர வேறுபாட்டை உணர இயலாதவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருவரே என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. ஏனையோரிடம் காணப்படுவது பயிற்சிக் குறையே. ஜப்பானின் வயலின் ஆசிரியர் சுசூகி கேட்ட கேள்வி இங்கு நினைக்கத்தக்கது: எல்லாக் குழந்தைகளும் கடினமான தாய்மொழியைத் தடையின்றிப் பேசக் கற்கும்போது, இசையில் மட்டும் சிலருக்குத் திறமை இல்லை என்று எப்படி முடிவு கட்டுவது? பேச்சுப் பழகும் மழலை சொல்லைச் சிதைக்கிறது என்பதற்காக எந்தத் தாயும் அதன் வாயை மூடுவதில்லை.

வித்வானாக வளரப்போகும் சிலருக்குரிய கடும்பயிற்சி வேறு. எல்லாருக்கும் உரிய ஸம்ஸ்காரம் வேறு. பின்னது பரவலாக இருக்கும் மண்ணில்தான் முன்னது செழிக்கும். இசைத்து அறியாத சமுதாயம் சங்கீதத்துக்கு ரசிகர்களைக் கூட நெடுநாள் தர இயலாது.

சுருதி இறங்கி வருதல்

அந்தச் சிறுமிக்கு என்ன செய்வது? அனுபவம் மிக்க ஆசிரியர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. தம் சுருதிக்கு வருமாறு குழந்தையை வற்புறுத்தாமல், குழந்தையின் குரல் இயல்பாக எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ அதை முதலில் செவிமடுத்து, தாம் அந்த ஸ்வரத்துக்கு இறங்கி அதனோடு சேர்ந்து பாடுகிறார்கள். இரு குரல்களும் ஒன்றாகும்போது ஏற்படும் இசைவைக் குழந்தை முதன்முறையாகத் தன் உடலில் உணர்கிறது. பிறகு ஒரு படி மேலே, மீண்டும் ஒரு படி மேலே என்று அதை அழைத்துச் செல்கிறார்கள். சில நாட்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம்.

பிருஹதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு ஆத்ம தத்துவத்தை உபதேசிக்கும்போது முரசு, சங்கு, வீணை ஆகியவற்றை உவமை கூறுகிறார். வெளியே பரவிய ஓசைகளைத் தனித்தனியே பிடிக்க முடியாது. முரசையோ முழக்குபவனையோ பற்றினால் ஓசையும் பிடிபடும் என்பது அதன் கருத்து. நூல்களில் படித்த பலருக்கு இது ஓர் உவமை மட்டுமே. சிறு வயதில் ஒரு முறையேனும் தோல்மீது உள்ளங்கையை வைத்து, அதிர்வு அடங்குவதை உணர்ந்தவருக்கு அது அனுபவத்தின் நினைவு.

சீடன் நிற்கும் படிக்கு இறங்கி வந்து, அவன் கைபிடித்து ஏற்றுவதே குருவின் இலக்கணம் என்று நம் மரபு கூறி வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவில் அந்தப் பாட்டு சற்றுப் பிசகினால் பிசகட்டும். இறைவன் சந்நிதியில் நாற்பது உதடுகள் அசைந்து முப்பத்தொன்பது குரல்கள் ஒலிப்பதைவிட, நாற்பது குரல்களும் உண்மையாக ஒலிப்பதே மேலான வணக்கம்.